இரண்டாவது ஆள் வந்தால்தான் மணி

போன வியாழக்கிழமை மேவிஸ் லார்ட்டரை அடக்கம் செய்தோம். ஆஷ்மியர் ஆலயத்தின் தெற்குப் பக்கத்தில், அவருடைய பெற்றோரின் காலடியில் இடம். மண் ஈரமாக இருந்ததால் குழி வெட்டியவர் பலகை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார். எண்பது தாண்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலயத்தின் சாவி அவரிடம் இருந்தது. இந்தப் பக்கத்துச் செய்தித்தாள் அவரைப் பற்றிப் போட்டது அவ்வளவுதான். மீதியை நான்தான் எழுத வேண்டும்போல. ஆஷ்மியரோடு சேர்த்து ஆறு கிராமத்து ஆலயங்களுக்கு நான் போதகர், ஜனங்கள் வாயில் விகார். மேவிஸோடு இருபது வருடப் பழக்கம்.

ஆஷ்மியர் ஆலயம் ஊருக்குள் இல்லை. வீடுகளைத் தாண்டி, சர்க்கரைபீட் வயல்களுக்கு நடுவே, போய்ச் சேர ஒரு மண்பாதையோடு தனியாக நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்தால், கொள்ளைநோயில் பழைய ஊர் அழிந்துவிட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மாடு மேய்க்கிற பொது நிலத்தின் ஓரமாக ஒவ்வொரு குடும்பமாக வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டது. ஆலயத்தை யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

கோபுரம் வட்டமானது. இங்கிலாந்தின் கிழக்கோரமான இந்த நார்ஃபோக்கில் மூலைக்கு வைக்க நல்ல கல் கிடையாது. வயலில் கிடைப்பதெல்லாம் உருண்டை உருண்டையான சக்கிமுக்கிக் கல்தான். அதனால் மூலையே வேண்டாம் என்று கட்டியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பிறகு ஆட்டுரோமத்தில் பணம் புரண்ட காலத்தில் வடக்குப் பக்கம் ஒரு பெரிய பக்கக்கூடம் சேர்த்தார்கள். பணம் வேறு ஊருக்குப் போனதும் அதன் கூரையைப் பழுதுபார்க்க வழியில்லாமல் இடித்தார்கள். கூரையின் ஈயத்தகட்டை விற்றார்கள். கூடத்துக்குப் போகிற மூன்று வளைவுகளையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். இன்றைக்கும் உள்ளே நின்று பார்த்தால் அந்த வளைவுகளின் கோடு சுவருக்குள் தெரியும். நாணல் வேய்ந்த கூரையையும் இரண்டு முறை தாழ்த்திக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஆலயத்தின் சரித்திரத்தில் அது பெரிதாகிக்கொண்டு வந்த காலம் கொஞ்சம்தான்.

அடைத்த வளைவுகளுக்கு மேற்கே, தெற்கு வாசலுக்கு நேரெதிரே, கொஞ்சம் பழைய சுவர் அப்படியே நின்றது. அங்கேதான் புனித கிறிஸ்தோபர் சுவர்ச்சித்திரமாக இருந்தார். குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கிறவர். கதவைத் திறந்தவுடன் அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் துர்மரணம் இல்லை என்று பழைய ஜனங்கள் நம்பினார்கள். அதனால் எல்லா ஊரிலும் அவரை வாசலுக்கு எதிரில்தான் எழுதினார்கள். பிறகு படங்கள் கூடாது என்ற காலம் வந்தபோது சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். அவர் அங்கே இருப்பதே நானூறு வருடம் யாருக்கும் தெரியாது.

மேவிஸின் அப்பா ஆலயத்தின் மணியடிப்பவர், கல்லறை வெட்டுபவர், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுபவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டாவது வருடம், போரில் இறந்தவர்களின் பெயர்ப்பலகையை மாட்ட அவர் அந்தச் சுவரில் ஆணி அடித்தார். ஒரு கையகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மேவிஸ்தான் முதலில் பார்த்தார். மீன். சிவப்பு மண்நிறத்தில், முழித்த கண்ணோடு, புனிதர் கடக்கிற ஆற்றின் மீன் ஒன்று. பிறகு நார்விச் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து இரண்டு கோடைகாலம் சுரண்டி முழுப்படத்தையும் வெளியே எடுத்தார்கள். "என்ன வேணா சொல்லட்டும், அது மொதல்ல என்னத்தான் பாத்துச்சு," என்பார் மேவிஸ்.

மணி விஷயத்தையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஆராதனைக்குக் கால்மணி முன்னதாக மணி அடிப்பார்கள். ஆஷ்மியரில் அப்படி இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு போதகர், வேட்டைக்குப் போகிற அவசரத்தில், யாருமில்லாத ஆலயத்தில் தனக்குத் தானே வாசித்துவிட்டு, ஆராதனை நடந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவாராம். அதிலிருந்து ஊர்க்காரர்கள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மணியடிப்பவர் முதல் ஆள், போதகர் கணக்கில் இல்லை; சுற்றுச்சுவர் வாயிலில் இரண்டாவது ஆளின் தலை தெரிந்த பிறகுதான் மணி. மணி அடித்தால்தான் ஆராதனை. மேவிஸின் அப்பா கோபுரத்துக் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சின்ன ஜன்னல் வழியாக வாயிலைப் பார்த்தபடி நிற்பாராம். அவருக்குப் பின்னால் மேவிஸ் அப்படி நின்றார்.

நான் வந்தபோது, மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டு மணித் திருவிருந்துக்கு ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கல்லறைப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் மேவிஸ். இன்னொருவர் வாலஸ் ஹௌலெட். பன்றி வளர்த்துப் பிழைத்தவர், மனைவியை இழந்தவர். முழங்கால் கோளாறு. மேஜர் என்று ஒரு கிழட்டு நாய்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் கதையை ஆளாளுக்கு எனக்குச் சொன்னார்கள். வாலஸ் தன் ஒரே மகள் ஜில்லின் கல்யாணத்துக்காக ஆலயத்துக்கு வெள்ளையடித்தார். பழைய சுண்ணாம்பு அழுக்கேறித் திட்டுத்திட்டாக இருந்தது. பேராயர் அலுவலகத்தில் அனுமதி கேட்டால் மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் பதில் வரும் என்று, மைத்துனனையும் கூட்டிக்கொண்டு, பண்ணையிலிருந்து சாரம் கொண்டுவந்து, ஒரு வாரத்தில் நல்ல விலையுள்ள எமல்ஷன் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். புனிதரை மட்டும் தொடவில்லை. படத்தைச் சுற்றி நூல் பிடித்துக் கோடு போட்டு, சட்டம் போட்டதுபோல் விட்டுவிட்டு, மற்ற சுவர் முழுவதும் பளபளவென்று அடித்தார். அதுதான் தப்பாகப் போனது.

சக்கிமுக்கிக் கல் சுவர் மழைநீரைக் குடிக்கும். சுண்ணாம்பு வழியாக மெதுவாக வெளியே விடும். பெயிண்ட் சுவரின் வாயை அடைத்துவிட்டது. வெளியே வர இருந்த ஒரே இடம் அந்தப் படம். மூன்று நான்கு குளிர்காலத்துக்குள் சுவரின் ஈரமும் உப்பும் மொத்தமாகப் புனிதரின் வழியாக வந்தன. முதலில் குழந்தையின் முகம் மாவாக உதிர்ந்தது. பிறகு புனிதரின் தாடி. மீன் கடைசியில் போனது. வாராவாரம் அதைக் கூட்டி அள்ளியவர் மேவிஸ். படம் முழுவதும் அழிந்த வருடத்தின் ஆண்டுக்கூட்டத்தில் அவர் எழுந்து, "ஒன் மக கல்யாணத்துக்காக எங்க புனிதர மூச்சு முட்டவெச்சுக் கொன்னுட்டடா, வாலஸ்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் பேச்சில்லை.

ஆனால் பேசாமல் இருப்பது என்றால் இவர்களுக்கு வாய் மூடியிருப்பது இல்லை. நாய் இருந்தது.

"மேஜர், ஒன் மொதலாளிக்குக் கதவ மூடத் தெரியுமா தெரியாதான்னு கேளு. குளிரு உள்ள வருது."

"மேஜர், அந்தம்மாவுக்குக் குளிருதுன்னா அது கதவால இல்ல, பொறவியிலேயே அப்படித்தான்னு சொல்லு."

நாய் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஞானஸ்நானத் தொட்டிக்குக் கீழே படுத்துக்கொள்ளும். மேவிஸ் முன்வரிசையில். வாலஸ் கடைசியில், வாசலை ஒட்டிச் சுவரோரமாகக் குறுக்கே போட்டிருந்த பெஞ்சில். மற்ற பெஞ்சுகளுக்கு நடுவே முழங்காலை மடக்க முடியாது, நாய்க்கும் இடம் வேண்டும் என்பார். அவர் வாயிலுக்குள் நுழைவது தெரிந்ததும் மேவிஸ் மணி அடித்துவிட்டுத் தன் இடத்துக்கு வருவார். மாதம் ஒரு தடவை, வயல்களுக்கு மேலே அந்த மணி கேட்கும்போதெல்லாம், ஊரில் படுக்கையில் இருந்தவர்கள் சொல்வார்களாம்: "வாலஸ் வந்துட்டான்."

அவர்கள் இருவரும் ஒரே பிடிவாதத்தில் ஒன்றாக நின்ற விஷயம் ஒன்று உண்டு. பழைய ஜெபப் புத்தகத்தைத்தான் வாசிக்க வேண்டும். அதன் மொழி அழகு, நடை அழகு என்று இரசிகர்கள் சொல்லுவதெல்லாம் இங்கே பேச்சில் இல்லை. புது ஆராதனை ஒழுங்கில் நடுவே எல்லோரும் எழுந்து ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும். பழையதில் அது கிடையாது. பழையதில் வேறொரு குறிப்பு இருக்கிறது, பகையுள்ளவர்களைத் திருவிருந்துப் பந்தியில் சேர்க்காதே என்று. அதைப் பார்த்தால் ஆஷ்மியரில் பந்தியே இல்லை. அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

ஒரு பிப்ரவரியில் புத்தக அலமாரியைத் திறந்தபோது எல்லாம் பூசணம். அலமாரி இருந்தது வடக்குச் சுவரை ஒட்டி. பெயிண்டுக்குள் அடைபட்ட ஈரம் புத்தகங்களையும் தின்றுவிட்டது. தாள்கள் அப்பம்போல் ஒட்டிக்கிடந்தன. வேறு வழியில்லாமல் பக்கத்து ஊரான ஹாட்டனிலிருந்து புது ஒழுங்கு அச்சிட்ட அட்டைகளை எடுத்து வந்தேன்.

சமாதானத்துக்கான இடம் வந்தது. நான் சொன்னேன். இருவரும் அட்டையைப் பார்த்தார்கள்.

"இதுல எழுந்திரிச்சுப் போய்க் கை குடுக்கணும்னு போட்டிருக்கு," என்றார் மேவிஸ்.

"ஆமா," என்றேன்.

"மேஜர், நமக்கு முட்டி சரியில்ல. எழுந்திரிக்க முடியாதுன்னு விகார்கிட்ட சொல்லு," என்றார் வாலஸ்.

"முடியாதவங்க ஒக்காந்தே இருக்கட்டும். யாரு வேண்டாம்னா?" என்றார் மேவிஸ்.

நான் இறங்கிப் போய் மேவிஸுக்குக் கை கொடுத்தேன். பிறகு கடைசி வரைக்கும் நடந்து வாலஸுக்குக் கை கொடுத்தேன். அவர் என் கையை உடனே விடவில்லை. "இது மொதல்ல அங்க போய்ட்டு வந்ததா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் இவ்வளவு சில்லுனு இருக்கு," என்றார். ஆலயத்தில் எதிரொலி நன்றாக இருக்கும். முன்வரிசையிலிருந்து, "மேஜர், கையுற போட்டுக்கச் சொல்லு," என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. மாதம் ஒரு முறை நான் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குத் தபால்காரன்போல நடந்தேன். ஒரு மாதம் மறந்து வாலஸிடம் முதலில் போய்விட்டேன். மேவிஸ் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பேராயர் அலுவலகம் சின்ன ஆலயங்களைப் பற்றி ஒரு முடிவு எடுத்தது. தொடர்ந்து மூன்று மாதம் ஆராதனை நடக்காத ஆலயத்தில் அதற்கப்புறம் வழக்கமான ஆராதனை கிடையாது. கட்டடம் நிற்கும். அடக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் திறக்கலாம். மாதாந்திரத் திருவிருந்து போய்விடும். மேவிஸிடம் இதைச் சொன்னபோது அவர் பலிபீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எங்கப்பா காலத்துல ஒரு மாசங்கூட விட்டதில்ல. குண்டு போட்டுக்கிட்டிருந்த வருஷங்கூட," என்றார். "எனக்கு வேற என்ன இருக்கு, விகார்? மாசத்துல ஒரு காலம்பற. அதுக்கு முன்னாடி நாலு வாரம் துடைக்கறேன்."

அந்த நவம்பரில் வாலஸ் நெஞ்சுச்சளியில் விழுந்தார். டிசம்பர் முதல் ஞாயிறு மேவிஸ் கோபுரத்து ஜன்னலில் நின்றார். நான் பலிபீடத்தைத் தயார் செய்துவிட்டுக் காத்திருந்தேன். எட்டு மணி தாண்டியது. நான் போய்ச் சொன்னேன்: "நம்ம சட்டப்படி என்னோட சேந்து ஒருத்தர் இருந்தாலே போதும், மேவிஸ். நடத்திடலாம்."

"சட்டம் விடும்."

"அப்புறம் என்ன?"

"மணி அடிக்காம எப்படி நடத்துவீங்க? நான் ஒருத்தி. என்னை நானே பாத்து அடிச்சுக்கவா?" கயிற்றை ஆணியில் மாட்டினார். "மெழுகுவர்த்திய அணைச்சிடுங்க. வீணாகுது."

ஜனவரியிலும் அதேதான். ஊரில் வேறு யாரையாவது கேட்கலாமே என்று இரண்டு மூன்று வீட்டுக்குப் போனேன். வார இறுதிக்கு மட்டும் லண்டனிலிருந்து வருகிறவர்கள். அன்பாகத் தேநீர் கொடுத்தார்கள். எட்டு மணி என்றதும் சிரித்தார்கள். பிப்ரவரிதான் கடைசி. வாலஸ் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அவரைப் போய்ப் பார்த்தேன்.

"வருவேன்," என்றார். "அவ வந்து கேக்கட்டும். நாய்கிட்ட இல்ல. என்கிட்ட."

மேவிஸிடம் சொன்னேன். மறுநாள், புதன்கிழமை காலை, தொலைபேசியில், "வண்டி கொண்டாறீங்களா?" என்றார். ஆலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். வழியெல்லாம் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாலஸ் சமையலறையில் அடுப்புப் பக்கம் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். மேஜர் மட்டும் எழுந்து வந்து வரவேற்றது.

"ஒக்காரு," என்றார் வாலஸ்.

"நின்னே பேசிக்கறேன்."

"பேசப் போறியா? விகார், நீங்க சாட்சி. மேஜர், நீயும் கேட்டுக்க."

"வர்ற ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு நீ வரணும்."

"படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நம்ம சர்ச்சுல ஏறற படி கெடையாது. ஒரே ஒரு படி. அதுவும் எறங்கற படி."

"எறங்கினவன் திரும்பி ஏறணும்ல."

"அது ஆராதன முடிஞ்சப்புறம். அப்ப நீ எப்படிப் போனா எனக்கென்ன."

வாலஸுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாகி அடங்க நேரமாயிற்று. மேவிஸ் குழாயில் தண்ணீர் பிடித்து அவர் முன்னால் வைத்தார். அவர் குடித்தார்.

"மேவிஸ், ஒண்ணு கேக்கறேன். ஜில் கல்யாணத்தன்னிக்கி, கேக் தட்டக் கையில வெச்சுக்கிட்டு, சர்ச் வாசல்ல நின்னு நீ என்ன சொன்ன?"

மேவிஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே காலியான பன்றிக் கொட்டில்கள்.

"இப்பதான் பாக்க சர்ச் மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"சொன்னல்ல."

"சொன்னேன். படத்தச் சுத்தி விட்டிருக்கற கோடு என்ன நேரா இருக்குன்னும் சொன்னேன்."

"அத நான் மறந்துட்டேன்."

"நான் மறக்கல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அன்னிக்கி மட்டும் நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, கூட்டத்துல ஒன்ன முழுசாத் திட்டியிருப்பேன்."

"அப்ப திட்டினது?"

"பாதி."

வாலஸ் கொஞ்ச நேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "மீதியையும் திட்டியிருக்கலாம். இந்த முப்பது வருஷத்த விட அது சீக்கிரம் முடிஞ்சிருக்கும்," என்றார். மேவிஸ் எழுந்து தேநீர் போட்டார். எது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை, வாலஸ் சொல்லவும் இல்லை. எல்லா அலமாரியையும் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு மணி அடித்தது. வாலஸை நான் வண்டியில் வாயில் வரை கொண்டுவந்து விட்டேன். அங்கேயிருந்து கோலை ஊன்றி நடந்துதான் வருவேன் என்றார், மணி வண்டிக்கு அடிக்கக் கூடாதாம். சமாதானம் சொல்லுகிற இடம் வந்ததும் வழக்கப்படி நான் இறங்கினேன். மேவிஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது புதன்கிழமையே ஆயிடுச்சு. அடுத்தத வாசிங்க, விகார்."

"நேரா வாசிங்க. குளிருது," என்றார் வாலஸ் பின்னாலிருந்து. ஆளுக்கு ஒரு கோடியில்தான் இருந்தார்கள். அந்த இடத்தை இருவருமே மாற்றவில்லை. ஆராதனை முடிந்ததும் கல்லறைப் பாதையில் நின்று, வாத்து மேய்வதைப் பற்றியோ எதைப் பற்றியோ, என்னைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் அப்படித்தான். மே ஞாயிறு வருவதற்குள் வாலஸ் தூக்கத்தில் இறந்துவிட்டார். ஜில் வந்து நாயை நார்விச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மே மாதம் முதல் ஞாயிறு நான் போனபோது ஆலயம் திறந்திருந்தது. மேவிஸ் முன்வரிசையில் இல்லை, கயிற்றின் பக்கத்திலும் இல்லை. வாசலோரத்துப் பெஞ்சில், வாலஸின் இடத்தில், தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க வந்து ஒக்காந்து பாத்ததே இல்ல," என்றார்.

அந்தப் பெஞ்சு குறுக்கே போட்டது. மற்ற எல்லாப் பெஞ்சும் பலிபீடத்தைப் பார்க்கும். இது எதிர்ச்சுவரைப் பார்த்தது. எதிரே நேராக, நூல் பிடித்த கோட்டுக்குள்ளே, உப்புப் பூத்த வெறும் சுவர். முன்வரிசையில் இருப்பவருக்கு அது முதுகுப் பக்கம். பலிபீடத்தில் நிற்கிற எனக்கும் தூரத்துச் சாம்பல்நிறத் திட்டு, அவ்வளவுதான்.

"முட்டி வலின்னு சொல்லிச் சொல்லி இதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான்," என்றார். "எத்தன வருஷம். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன், தெரியுமா? கூட்டி அள்ளறப்பக்கூடத் தரையத்தான் பாப்பேன்."

"நடத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"யாருக்கு மணி அடிக்கறது?"

"உங்களுக்காக நான் அடிக்கறேன், மேவிஸ். ஒரு தடவ."

"நீங்க நல்லவர்," என்றார். "ஆனா வேணாம். ஒருத்தி ஒக்காந்திருக்கறதுக்குப் பேரு ஆராதன இல்ல. அதுக்குத்தான் அந்த மணியே."

ஜூன், ஜூலை. நான் ரொட்டியும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு போனேன். மூடிய பெட்டியைத் திறக்காமல் திரும்பி வந்தேன். ஹாட்டனில் நாற்பது பேர் கூடுகிறோம், அங்கே வாருங்கள், நானே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். இரண்டு வாரம் வந்தார். கை கொடுக்கிற நேரத்தில் அந்த ஜனங்கள் ஆலயம் முழுக்க உலாவி எல்லோருக்கும் கை கொடுப்பார்கள். மேவிஸ் நின்ற இடத்தில் நின்று, வந்த கைகளையெல்லாம் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது வண்டியில், "நல்ல ஜனங்க. ஒருத்தர்கூட என்கிட்ட சண்ட போட்டதில்ல, எதுக்கு இத்தன சமாதானம்?" என்றார். மூன்றாவது வாரம் அவர் வாசலில் நிற்கவில்லை.

ஆகஸ்டில் பேராயர் அலுவலகத்தின் முடிவு வந்தது. நான் எழுதிப் பார்த்தேன், நேரில் போயும் கேட்டேன். ஒருவரை வைத்தாவது நடத்தியிருக்கலாமே என்று அங்கே சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். மேவிஸ் தலையை ஆட்டிவிட்டு, "எங்கப்பா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பார்," என்றார். அவர் குரல் சரியாக இருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குச் சில வருடங்கள் இருந்தன. சாவி அவரிடமே இருந்தது. முதல் ஞாயிறுகளில் எட்டு மணிக்கு எனக்கு வேறு ஊரில் ஆராதனை இருந்ததால், அவர் அந்த நேரத்தில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த மாதம் அப்படித் திறக்கவில்லை என்று கவனித்துப் போய்ப் பார்த்தவர்களும் அவர்கள்தான். தன் வீட்டு நாற்காலியில், அமைதியாக இறந்திருந்தார்.

வியாழக்கிழமை அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பட்டாணி ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள், ஜில், லண்டன் வீட்டுக்காரர்கள், ஹாட்டனிலிருந்து பாதிப் பேர். வாசலோரப் பெஞ்சு வரைக்கும் நிறைந்துவிட்டது. நான் பழைய ஜெபப் புத்தகத்திலிருந்து வாசித்தேன், அவர் அதைத்தான் கேட்டிருப்பார். அதில் போதகர் ஒரு வரி சொல்ல, ஜனங்கள் அடுத்த வரியைச் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. கர்த்தாவே எங்களுக்கு இரங்கும் என்றேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

வந்திருந்தவர்களுக்குப் பழைய ஒழுங்கு தெரியாது. எல்லோரும் மரியாதையாகத் தலை குனிந்து, நான் தொடர்வதற்காகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கூரை நாணலுக்குள் ஏதோ பறவை கிளறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர்களுடைய வரியையும் நானே சொல்லிவிட்டு, என்னுடைய அடுத்த வரிக்குப் போனேன்.